ஏதோமின் தீராச் சினம்

எம்மவர் கூடுமிடம் நினைவேந்தலாயினும் கலியாண வீடாயினும், பேச்சு ஈற்றில் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது. இழைத்தவர்களுக்குத் தண்டனை உண்டா? ஓக்லாந்தின் மேற்கே ஏவன்டேலில் வாழும் எம்மிடையேயும் இதே கேள்விதான். சட்டம் அறிந்தோர் ஜெனீவாவைச் சுட்டுவர். இறைநம்பிக்கை மிக்கோர் வானத்தைச் சுட்டுவர். வானத்தைச் சுட்டுவோரில் கிறிஸ்தவர்களாயிருப்போர் வேதாகமத்தின் தீர்க்கதரிசிகளைத் துணைக்கழைப்பதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். சைவர்களுக்கும் இந்நூல் முற்றிலும் அந்நியமன்று. யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து அதனைத் தமிழாக்க உதவியவர் ஆறுமுக நாவலரன்றோ! அம்மொழிபெயர்ப்பு 1850இல் அச்சேறியது.

தீர்க்கதரிசிகளுள் ஆமோஸ் என்பவர் எமது நிலைக்கு மிக அண்மையானவர். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் யூதா நாட்டின் தெக்கோவாவில் மந்தை மேய்த்தவர். காட்டத்தி மரங்களைப் பார்த்தவர். எல்லை கடந்து வட இராச்சியமாகிய இஸ்ரவேலுக்குச் சென்று, பெத்தேல் ஆலயத்திலே, செல்வம் கொழித்திருந்த மக்கள் முன் பேசினார். அவ்வாலயத்தின் ஆசாரியனாகிய அமத்சியா, உன் நாட்டுக்கே ஓடிப்போ, அங்கே பிழைத்துக்கொள் என்ற பொருள்பட அவரை விரட்டினான். அகதி அந்தஸ்துக் கோரிக் காத்திருப்போருக்கு இச்சொல் புதிதன்று.

அவரது நூலின் முதலிரு அதிகாரங்களை ஒரு குற்றப்பத்திரிகை எனலாம். தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று சூழவுள்ள ஆறு நாடுகளும் ஒவ்வொன்றாகக் கூண்டிலேற்றப்படுகின்றன. இவற்றுள் எதன்மீதும் பிற தெய்வங்களை வணங்கிய குற்றம் சாட்டப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தோற்ற மக்களை இருப்புக் கருவிகளால் போரடித்தமை, ஓர் ஊர் மக்களை முழுவதுமாகச் சிறைப்பிடித்துப் பிறரிடம் ஒப்படைத்தமை, எல்லையை விரிப்பதற்காகக் கர்ப்பிணிகளின் வயிற்றைக் கீறியமை ஆகிய இவை போலும் செயல்களே குற்றங்கள். போரில் எதைச் செய்யலாகாது என்று உலக நாடுகள் 1949இல் ஜெனீவாவில் எழுதி ஒப்பமிட்டதற்கு ஏறத்தாழ 2,700 ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் இடையர் பேசியவை இவை.

மோவாப் மீதான குற்றம் எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. ஏதோம் அரசனின் எலும்புகளை அது சுட்டுச் சுண்ணாம்பாக்கியதாம். பாதிக்கப்பட்டவன் இஸ்ரவேலனல்லன், சற்று முன்னர் குற்றவாளியாக நிறுத்தப்பட்ட அதே ஏதோமின் அரசன். இறந்துபோன பகைவனின் எலும்புக்கும் நியாயம் கேட்கப்படுகிறது! கோப்பாய் மாவீரர் துயிலுமில்லம் இடித்தழிக்கப்பட்டு, அந்நிலத்தில் 2011இல் படைத் தலைமையகம் திறந்து வைக்கப்பட்டதை அறிந்தோருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. செம்மணியும் அத்தகையதே. மரணதண்டனை விதிக்கப்பட்ட படைவீரர் ஒருவர் 1998இல் நீதிமன்றிலே அங்கே நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டுள்ளதாகச் சொன்னார். 1999இல் அகழ்ந்தபோது கிடைத்தவை 15 எலும்புக்கூடுகள். 2025இல் செம்மணிப் பகுதியின் சித்துப்பாத்தி மயானத்திலே மீண்டும் அகழ்ந்தபோது, சிறு குழந்தைகளினது உட்பட 200க்கும் மேற்பட்டவை வெளிவந்தன.

இனி ஏதோம். ஏதோமியர் ஏசாவின் வழிவந்தோர். இஸ்ரவேலர் அவன் தம்பி யாக்கோபின் வழியினர். உடன்பிறந்தானை வாளுடன் துரத்தியதும், இரக்கத்தை அறுத்தெறிந்ததும், சினத்தை என்றென்றைக்குமாக வைத்துக்கொண்டதுமே ஏதோமின் குற்றம். சினங்கொண்டது குற்றமெனக் கூறப்படவில்லை என்பது எமது கருத்து. தீர்க்கதரிசியின் கடவுளும் கடுஞ்சினம் கொள்பவரே. ஆயின் எரேமியாவும் மீகாவும் அக்கடவுளைப் பற்றிக் கூறுகையில், அவர் சினத்தை என்றைக்கும் வைத்திருப்பவரல்லர் என்கின்றனர். கடவுளே வைத்திராத ஒன்றை ஏதோம் வைத்திருந்தது.

ஆமோசின் பேச்சைக் கேட்டு நின்றோர் இதுவரை தலையசைத்திருப்பர். அயலாரின் குற்றப்பட்டியல் யாருக்கும் இனிக்கும். ஏழாவதாக யூதா வருகிறது. பேசுபவரின் சொந்த நாடு. எட்டாவதாக, கேட்டு நிற்போரின் இஸ்ரவேல். அதற்கே மற்றெல்லாவற்றிலும் நீண்ட பட்டியல்.

எமது எட்டாவது எது? இக்கேள்வியை எம்மவர் விரும்புவதில்லை. எனினும் ஓர் ஊர் மக்களை முழுவதுமாக அகற்றிய காசாவின் குற்றத்தை வாசிக்கையில், 1990 ஒக்டோபரை நினையாதிருக்க எம்மால் இயலவில்லை. வடக்கின் முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அக்டோபர் 30ஆம் திகதி அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. 1995இல் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்துத் தமிழர் கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தனர். இதனைத் தெய்வத் தீர்ப்பெனச் சொல்வோரும் உளர். நாம் அவ்வாறு சொல்லத் துணியோம். அன்று மழையில் நடந்த தாய்மாரும் பிள்ளைகளும் எவரையும் வெளியேற்றியவர்களல்லர்.

நாம் வந்து சேர்ந்த இந்நாட்டிலும் இதே நூலைக் கையிலெடுத்து நீதி தேடியோர் இருந்தனர். மாவோரியராகிய தே கூட்டி 1866இல் விசாரணையின்றிச் சாதம் தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டார். சிறையில் வேதாகமம் வாசித்துத் தம் மக்களை இஸ்ரவேலரோடு ஒப்பிட்டார். 1868 ஜூலையில் கப்பலொன்றைக் கைப்பற்றி ஏறத்தாழ 300 பேருடன் தப்பினார். அவ்வாண்டு நவம்பரில் மதவேரோவில் அவரது ஆட்கள் குடியேறிகளையும் மாவோரியரையும், பெண்கள் குழந்தைகள் உட்படக் கொன்றனர்.

தரநாக்கியின் பரிஹாக்கா ஊரில் தே விட்டியும் தோஹுவும் அதே தீர்க்கதரிசிகளை வேறு விதமாக வாசித்தனர். பறிக்கப்பட்ட நிலத்தை 1879இல் அவ்வூரார் ஆயுதமின்றிச் சென்று உழுதனர். உழுதவரைக் கைதுசெய்தபோது அடுத்தவர் கலப்பையைப் பிடித்தார். நூற்றுக்கணக்கானோர் விசாரணையின்றிச் சிறை சென்றனர். 1881 நவம்பர் 5ஆம் திகதி ஏறத்தாழ 1,600 பேர் கொண்ட படை ஊருக்குள் நுழைந்தபோது எதிர்கொண்டோர் பாடிநின்ற சிறுவர்கள். ஊர் அழிக்கப்பட்டது; தலைவரிருவரும் விசாரணையின்றி 1883 வரை தடுத்து வைக்கப்பட்டனர். இருவரும் 1907இல் காலமாயினர். அரசு பரிஹாக்காவுக்குச் சென்று மன்னிப்புக் கோரியது 2017 ஜூன் மாதத்தில். 136 ஆண்டுகள் கழித்து.

எமது முள்ளிவாய்க்கால் 2009இல் நிகழ்ந்தது. ஐ.நா. மனித உரிமைகள் பேரவை, சான்றுகளைத் திரட்டிப் பேணும் பொறிமுறையை 2021 மார்ச்சில் 46/1 தீர்மானத்தால் அமைத்தது. பின்னர் அதன் காலம் நீடிக்கப்பட்டது. தண்டிக்கும் அதிகாரம் அதற்கில்லை என எம்மவர் சலித்துக்கொள்கின்றனர்; சலிப்பில் நியாயமுண்டு. ஆயினும் கண்டதைத் திகதியோடும் இடத்தோடும் பெயரோடும் எழுதி வைக்கச் சினம் தீர்ந்திருக்க வேண்டியதில்லை. பரிஹாக்காவில் இன்றும் ஒவ்வொரு மாதமும் 18ஆம், 19ஆம் திகதிகளில் மக்கள் கூடுகின்றனர். உண்டு, பாடி, நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்கின்றனர்.