சான்றுசார் வடிவமைப்பு

சான்றுசார் வடிவமைப்பு என்பது கட்டிடம் அல்லது சூழல் ஒன்றைப் பற்றிய வடிவமைப்பு முடிவுகளை நம்பத்தகுந்த ஆய்வுச் சான்றுகளின் அடிப்படையில் எடுக்கும் அணுகுமுறை ஆகும். வழக்கம், அழகுணர்வு, அனுபவம் ஆகியவற்றை இது ஒதுக்குவதில்லை. ஆனால் ஒரு முடிவு என்ன விளைவைத் தரும் என்பதை முன்கூட்டியே குறித்து வைத்து, கட்டிடம் பயன்பாட்டுக்கு வந்த பின்னர் அவ்விளைவை அளந்து பார்க்கவேண்டும் எனக் கோருகிறது. மருத்துவமனைகளில் வடிவமைப்புப் பிழை உயிரிழப்புக்கும் காரணமாகலாம் என்பதால், இவ்வணுகுமுறை அங்கேயே பெரிதும் வளர்ச்சியடைந்தது.

வரலாறு

இக்கருத்தின் முன்னோடிகளுள் ஒருவராகப் புளோரன்ஸ் நைட்டிங்கேல் கருதப்படுகிறார். கிரீமியப் போர்க்கால மருத்துவமனைகளில் பெற்ற அனுபவத்தையும் இறப்புப் புள்ளிவிபரங்களையும் கொண்டு, 1859 இல் மருத்துவமனைகள் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். இருபுறமும் சன்னல்கள் கொண்ட, காற்றோட்டமான நீண்ட நோயாளர் கூடங்களை அவர் பரிந்துரைத்தார். நோய்கள் கெட்ட காற்றினால் உண்டாகின்றன என்ற அக்காலக் கொள்கை இப்பரிந்துரைக்குப் பின்னணியாக இருந்தது. அக்கொள்கை பின்னர் கைவிடப்பட்டாலும் காற்றோட்டத்தின் பயன் மறுக்கப்படவில்லை. ஒரு முடிவு சரியாக அமைவதும் அதற்குக் கூறப்படும் காரணம் சரியாக இருப்பதும் வெவ்வேறு என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

1990களின் தொடக்கத்தில் சான்றுசார் மருத்துவம் என்ற கருத்து பரவியது. அதனைப் பின்பற்றியே சான்றுசார் வடிவமைப்பு என்ற பெயரும் வழக்குக்கு வந்தது.

உல்ரிச்சின் ஆய்வு

இத்துறையில் பெரிதும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வை ரோஜர் உல்ரிச் 1984 இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார். ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில், 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளிகளின் பதிவுகளை அவர் ஆராய்ந்தார். அவர்களுள் 23 பேரின் சன்னலுக்கு வெளியே மரங்கள் தெரிந்தன. மற்ற 23 பேருக்குச் செங்கற்சுவர் தெரிந்தது. வயது, பால், புகைப்பழக்கம் போன்றவற்றில் ஒத்தவர்கள் இணைகளாக ஒப்பிடப்பட்டனர். மரங்களில் இலைகள் இருக்கும் மே முதல் அக்டோபர் வரையான காலப் பதிவுகளே எடுக்கப்பட்டன.

மரங்களைப் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாட்களும், சுவரைப் பார்த்தவர்கள் 8.70 நாட்களும் மருத்துவமனையில் தங்கினர். முதற் குழுவினருக்குக் கடுமையான வலிநிவாரணிகள் குறைவாகவே தேவைப்பட்டன. எனினும் சிறு சிக்கல்கள் ஏற்படுவதில் இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஒரே மருத்துவமனை, ஒரே சிகிச்சை, சிறிய எண்ணிக்கை என்பவை இவ்வாய்வின் வரம்புகள் ஆகும்.

செயல்முறை

சான்றுசார் வடிவமைப்பின் படிகளைப் பின்வருமாறு தொகுக்கலாம். நோயாளிகள் இரவில் கழிவறைக்குச் செல்லும்போது விழுவதைக் குறைப்பது நோக்கம் எனக் கொள்வோம்.

1. நோக்கத்தை அளக்கக்கூடிய வகையில் வரையறுத்தல்: ஆயிரம் படுக்கை நாட்களுக்கு எத்தனை வீழ்ச்சிகள் நிகழ்கின்றன எனக் கணக்கிடல்.
2. தொடர்புடைய ஆய்வுகளைத் தேடி, அவற்றின் தரத்தை மதிப்பிடல்.
3. கருதுகோள் அமைத்தல்: படுக்கைக்கு அருகிலேயே கழிவறையும், இடையில் தொடர்ச்சியான கைப்பிடியும் அமைத்தால் வீழ்ச்சிகள் குறையும்.
4. வடிவமைத்துக் கட்டுதல், இடையில் செய்த மாற்றங்களையும் அவற்றின் காரணங்களையும் பதிவு செய்தல்.
5. கட்டிடத்தில் மக்கள் குடியேறிய பின்னர் அதே அளவீட்டை மீண்டும் செய்தல்.
6. முடிவுகளை, பாதகமானவை உட்பட, வெளியிடுதல்.

முதற் படியில் பழைய நிலையை அளக்காமல் விட்டால், ஐந்தாம் படியில் ஒப்பிடுவதற்கு எதுவும் இருக்காது.

கர்க் ஹாமில்டன் 2003 இல் இத்துறையினரை நான்கு நிலைகளாக வகைப்படுத்தினார். முதல் நிலையினர் ஆய்வுகளைப் படித்துத் தம் வடிவமைப்பில் பயன்படுத்துகின்றனர். இரண்டாம் நிலையினர் கருதுகோள் அமைத்து விளைவை அளக்கின்றனர். மூன்றாம் நிலையினர் முடிவுகளைப் பொதுவில் வைக்கின்றனர். நான்காம் நிலையினர் அவற்றைச் சக அறிஞர்களின் மதிப்பாய்வுக்கு உட்படுத்துகின்றனர்.

மீள்சிந்தனை

டொனால்ட் ஷோன் 1983 இல் வெளியிட்ட நூலில், தொழில் வல்லுனர்களின் சிந்தனையைச் செயலின்போதான சிந்தனை, செயலுக்குப் பின்னரான சிந்தனை என வேறுபடுத்தினார். வடிவமைப்பில் இரண்டாவது எளிதில் தவறிவிடுகிறது. கட்டிடம் ஒப்படைக்கப்பட்டதும் வடிவமைப்பாளர் அடுத்த பணிக்குச் சென்றுவிடுவதே இதற்குக் காரணம். சான்றுடன் எடுத்த முடிவையும் மீண்டும் ஆராயவேண்டும் என்பதைப் பின்வரும் நிகழ்வுகள் காட்டுகின்றன.

கைகழுவும் தொட்டிகள்

கைகழுவுதல் தொற்றைக் குறைக்கும் என்பது உறுதியான சான்று. ஆதலால் தீவிர சிகிச்சை அறைகளில் நோயாளிக்கு அருகிலேயே தொட்டிகள் அமைக்கப்பட்டன. கனடாவின் டொராண்டோ நகர மருத்துவமனை ஒன்றில் 2004 முதல் 2006 வரை 36 நோயாளிகளிடம் மருந்தெதிர்ப்புக் கொண்ட சூடோமோனாசு பாக்டீரியா கண்டறியப்பட்டது. குழாய்நீர் நேராகத் தொட்டியின் வடிகாலில் விழுந்து, அங்கிருந்த கிருமிகளுடன் ஒரு மீட்டர் தொலைவுக்கேனும் தெறித்தது ஆய்வில் தெரியவந்தது. தெறிக்காதவாறு தொட்டிகள் மாற்றியமைக்கப்பட்ட பின்னரே பரவல் நின்றது. கைகழுவுதல் பற்றிய சான்று பொய்க்கவில்லை. அது தொட்டியின் வடிவத்தைப் பற்றி எதுவும் கூறியிருக்கவில்லை.

தனி அறைகள்

ஐக்கிய அமெரிக்காவில் 2006 இல் வெளியான மருத்துவமனை வடிவமைப்பு வழிகாட்டி, புதிய பொது நோயாளர் பகுதிகளில் ஒருவருக்கு ஓர் அறை என்பதை நியமமாக்கியது. இங்கிலாந்தின் பெம்புரியில் 2011 இல் முழுமையாகத் திறக்கப்பட்ட மருத்துவமனையில் தங்கி சிகிச்சை பெறுவோர் அனைவருக்கும் தனி அறைகள் அமைக்கப்பட்டன. அதனை ஆராய்ந்தவர்கள், நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் தனி அறையையே விரும்பினர் என்றும், செவிலியர் நடக்கவேண்டிய தூரம் கூடியது என்றும் கண்டனர். தொற்று குறைந்தது என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை.

விமர்சனங்கள்

ஒரு கட்டிடத்தில் பல மாற்றங்கள் ஒரே நேரத்தில் செய்யப்படுவதால், விளைவு எதனால் ஏற்பட்டது எனப் பிரித்தறிவது கடினம். புதிய கட்டிடத்துடன் பணிமுறைகளும் மாறுவது இச்சிக்கலைக் கூட்டுகிறது. மேலும், ஏற்கனவே எடுத்த முடிவுக்குப் பொருத்தமான ஆய்வை மட்டும் தேடி இணைப்பதும் சான்றுசார் வடிவமைப்பு என்ற பெயரில் நடைபெறக்கூடும். முடிவுக்கு முன்னரே கருதுகோளை எழுதி வைப்பதும், எதிரான சான்றுகளையும் பதிவு செய்வதும் இதனைத் தவிர்க்க உதவும் வழிகளாகக் கருதப்படுகின்றன.