காகிதத்தில் முதலில் ஓடும் படம்

மேல்விஷாரத்தைச் சுற்றியுள்ள ஷூ தொழிற்சாலைகளில் தோல் வெட்டும் பகுதியை நீங்கள் பார்த்திருக்கலாம். வெட்டுவதற்கு முன் தொழிலாளி தோலை விரித்து, ஷூவின் பாகங்களுக்கான அச்சுகளை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்ப்பார். தழும்பும் ஓட்டையும் உள்ள இடங்களை ஒதுக்குவார். வெட்டிய தோலை மீண்டும் ஒட்ட முடியாது அல்லவா? சினிமா எடுப்பவர்களுக்கும் இதே கவலைதான். கேமரா ஓடத் தொடங்கினால் பணம் கரையும். ஆகவே, எடுக்கவேண்டிய காட்சிகளை முன்கூட்டியே கட்டம் கட்டமாக வரைந்து பார்க்கிறார்கள். இதற்கு ஸ்டோரிபோர்டு என்று பெயர்.

'போர்டு' எங்கிருந்து வந்தது? 1930-களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் வால்ட் டிஸ்னியின் கார்ட்டூன் நிலையத்தில், காட்சிகளைத் தனித்தனித் தாள்களில் வரைந்து ஒரு பெரிய பலகையில் குத்தி வைத்தார்கள். சினிமாவில் விநாடிக்கு 24 பிரேம்கள் ஓடுகின்றன. பத்து விநாடிக் காட்சி ஒன்று வேண்டாம் என்று பிறகு தோன்றினால், 240 பிரேம்களுக்கான உழைப்பு வீண். பலகையிலோ ஒரு தாளைக் கழற்றினால் போதும்.

நம் நாட்டில் இதற்குச் சிறந்த உதாரணம் சத்யஜித் ராய். கல்கத்தாவில் விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராக இருந்தவர் அவர். 1955-இல் வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி' படத்துக்கு அவர் முழுத் திரைக்கதை எழுதவில்லை. காட்சிகளை ஒரு நோட்டில் வரைந்து, அதையே தயாரிப்பாளர்களிடம் காட்டினார். பலரும் கைவிரித்தார்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியின் பேரில் கடன் வாங்கி, 1952-இல் படப்பிடிப்பைத் தொடங்கினார். வெண்மையான நாணற்பூக்கள் நிறைந்த வெளியில் அக்காளும் தம்பியும் வரும் காட்சி அது. ஒரு வாரம் கழித்து மீண்டும் போனால் பூக்களைக் காணோம். மாடுகள் மேய்ந்துவிட்டன! (ஸ்டோரிபோர்டு மாட்டைத் தடுக்காது.) மீதியை எடுக்க அடுத்த பூக்கும் பருவம்வரை காத்திருந்தார்கள். இத்தகைய இடைவெளி விழும்போது, விட்ட இடம் எது, யார் எந்தப் பக்கம் போனார்கள் என்பதை வரைந்த படம் நினைவூட்டும்.

பக்கம் ஏன் அவ்வளவு முக்கியம்? மேல்விஷாரத்தில் ஒரு சிறுமி, ஆற்காடு பஸ்ஸைப் பிடிக்கச் சாலையோரமாக ஓடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சாலையின் ஒரு புறமிருந்து படம் எடுத்தால் அவள் இடமிருந்து வலமாக ஓடுவாள். கேமராவைச் சாலைக்கு மறுபுறம் கொண்டுபோனால் அதே சிறுமி, அதே திசையில் ஓடினாலும், திரையில் வலமிருந்து இடமாக ஓடுவாள். இரண்டையும் ஒட்டிப் பாருங்கள்: எதையோ மறந்து வீட்டுக்குத் திரும்புகிறாள் என்றே நினைப்பீர்கள்! அவள் ஓடும் பாதையை ஒரு கோடாகக் கருதி, கேமரா அதைத் தாண்டாமல் ஒரே பக்கத்தில் இருக்கவேண்டும். கட்டங்களில் அம்புக்குறி இட்டு வரைந்திருந்தால், இந்தத் தவறு படப்பிடிப்புக்கு முன்பே கண்ணில் பட்டுவிடும்.

நீங்களும் செய்து பார்க்கலாம். இன்றைய டெலிவிஷன் திரையின் அகல உயர விகிதம் 16:9. எனவே 8 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. உயரத்தில் ஆறு கட்டங்கள் போடுங்கள். சிறுமி பஸ்ஸைப் பிடித்த கதையை அவற்றில் வரையுங்கள். குச்சி மனிதர்களே போதும். பிறகு, வாய் திறக்காமல் ஒரு நண்பனிடம் கொடுத்துக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். அவன் எங்கே விழிக்கிறானோ, அங்கே ஒரு கட்டம் குறைகிறது.