444 சாவுகள் கணக்கில் வராமல் போனது எப்படி? சர்க்கார் அறிக்கையும் மாநகராட்சி நோட்டும் மோதிய கதை!

சென்னை,

செத்தவர்கள் கணக்கில் கூடவா சண்டை வரும்? வந்தது! அதுவும் நம்ம சென்னையில்தான் வந்தது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

முதல் தடவை கேள்வி கேட்ட கட்சி, இரண்டாம் தடவை பதில் சொல்ல வேண்டி வந்தது. முதலில் பதில் சொன்ன கட்சி, அடுத்த ஆண்டு கேள்வி கேட்டது!

இது பற்றிய விவரம் வருமாறு:-

"இன்னைக்கு எத்தனை?"

2020-ம் ஆண்டு. கொரோனா நகரத்தைப் பிடித்து ஆட்டிய நேரம். தினமும் மாலையில் சுகாதாரத்துறை அறிக்கை வரும். "இன்னைக்கு எத்தனை?" என்பதுதான் மயிலாப்பூர் மாட வீதியில் இருந்து அடையாறு வரை வீட்டுக்கு வீடு பேச்சு.

ஆனால் சாவை எழுதி வைத்த நோட்டு ஒன்று அல்ல, இரண்டு!

ஒன்று, தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள பொது சுகாதாரத்துறையின் கணக்கு. ஆஸ்பத்திரிகள் அனுப்பும் தகவலை வைத்து இது தயாராகும்.

இன்னொன்று, ரிப்பன் மாளிகையில் உள்ள மாநகராட்சியின் பிறப்பு-இறப்புப் பதிவேடு. 1969-ம் ஆண்டு சட்டப்படி, ஒருவர் எங்கே இறந்தாரோ அந்த ஊரில் 21 நாட்களுக்குள் சாவைப் பதிய வேண்டும். கண்ணம்மாபேட்டை, கிருஷ்ணாம்பேட்டை, பெசன்ட் நகர் மயானங்களுக்குப் போன உடல்களின் விவரம் கடைசியில் இந்தப் பதிவேட்டில்தான் வந்து சேரும்.

எங்கே இடித்தது?

2020 ஜூன் மாதத் தொடக்கத்தில் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் திடுக்கிட்டனர். மாநகராட்சிப் பதிவேட்டில் இருந்த 200-க்கும் மேற்பட்ட கொரோனா சாவுகளை சர்க்கார் அறிக்கையில் காணோம்! பத்திரிகைகளில் செய்தி வெளியானது. அறப்போர் இயக்கமும் கேள்வி எழுப்பியது.

சாவு எப்படி நழுவும்? வழிகள் பல உண்டு. தனியார் ஆஸ்பத்திரி தகவல் அனுப்பாமல் இருக்கலாம். ஆள் வீட்டிலேயே இறந்து, சோதனை முடிவு பிறகு வந்திருக்கலாம். பக்கத்து மாவட்டத்துக்காரர் சென்னை ஆஸ்பத்திரியில் இறந்திருக்கலாம். எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல், சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு ஆகியவைதான். "சர்க்கரையால் செத்தாரா, கொரோனாவால் செத்தாரா?" என்ற கேள்வியிலேயே சாவு நழுவிவிடும். "பழைய வியாதியை மூல காரணமாக எழுதக் கூடாது" என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் விதிமுறை சொல்லித்தான் இருந்தது. சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று!

அரசியல் சூடு

தி.மு.க. தலைவர் மு.க.ஸ்டாலின், அன்றைய எதிர்க்கட்சித் தலைவர். சாவை மறைப்பதாக அ.தி.மு.க. அரசு மீது குற்றம் சாட்டினார். அன்றைய முதல்-அமைச்சர் எடப்பாடி பழனிசாமியும், சுகாதார மந்திரி விஜயபாஸ்கரும் அதை மறுத்தனர். சாவை யாராலும் மறைக்க முடியாது என்பது அரசின் வாதம்.

இந்தச் சூட்டுக்கு நடுவே, ஜூன் 10-ந் தேதி தி.மு.க. எம்.எல்.ஏ. ஜெ.அன்பழகன் கொரோனாவுக்குப் பலியானார். ஒரு காலத்தில் தி.நகர் தொகுதி எம்.எல்.ஏ.வாக இருந்தவர். அன்று அவருக்கு 62-வது பிறந்த நாள்.

இரண்டு நாள் கழித்து, சுகாதாரத்துறை செயலாளர் பீலா ராஜேஷ் மாற்றப்பட்டார். ஜெ.ராதாகிருஷ்ணன் அந்தப் பொறுப்புக்கு வந்தார். இரண்டு நோட்டையும் ஒத்துப் பார்க்க, பொது சுகாதாரத்துறை அதிகாரி டாக்டர் வடிவேலன் தலைமையில் குழு வேலை செய்தது.

ஒரே நாளில் 518!

ஜூலை 22-ந் தேதி முடிச்சு அவிழ்ந்தது. மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை சென்னையில் விட்டுப்போன 444 சாவுகள் கணக்கில் சேர்க்கப்படுவதாக ராதாகிருஷ்ணன் அறிவித்தார். அன்றைய சாவு 74. ஆக, ஒரே நாளில் 518! மாநிலத்தின் மொத்தப் பலி 2,626-ல் இருந்து 3,144-க்குத் தாவியது.

அதாவது, அதுவரை மாநிலம் முழுக்கக் காட்டிய கணக்கில் ஆறில் ஒரு பங்குக்கும் மேலான சாவு, சென்னையில் மட்டும் விட்டுப்போயிருந்தது!

"பார்த்தீர்களா, மறைத்தார்கள்!" என்றது எதிர்க்கட்சி. "மறைத்திருந்தால் நாங்களே ஏன் சேர்க்கிறோம்?" என்ற வாதம் எதிரே நின்றது.

காட்சி மாறியது

2021 மே மாதம் ஆட்சி மாறியது. மு.க.ஸ்டாலின் முதல்-அமைச்சர். சைதாப்பேட்டை எம்.எல்.ஏ. மா.சுப்பிரமணியன் சுகாதார மந்திரி. இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம்.

இப்போது எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில் எடப்பாடி பழனிசாமி! சாவைக் குறைத்துக் காட்டுவதாக அவர் குற்றம் சாட்டினார். மா.சுப்பிரமணியன் மறுத்தார். அறப்போர் இயக்கம் மட்டும் நாற்காலி மாறாமல், ஆஸ்பத்திரிகளின் சாவுச் சான்றிதழ்களை எண்ணி, மறுபடி அதே கேள்வியைக் கேட்டது.

காகிதத்தில் ஒரு வார்த்தை

"செத்தவர் செத்தாச்சு, எண்ணிக்கையில் என்ன இருக்கு?" என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது!

கொரோனாவால் இறந்தவர்கள் குடும்பத்துக்கு உதவி தர வேண்டும் என்று 2021 ஜூன் 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. தொகை 50 ஆயிரம் ரூபாய் என்று அக்டோபரில் முடிவானது. பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு 5 லட்சம் ரூபாய் டெபாசிட் என்று தமிழக அரசும் அறிவித்திருந்தது.

ஆனால் சான்றிதழில் "கொரோனா" என்ற வார்த்தை இல்லாத குடும்பம் என்ன செய்யும்? தாலி இழந்த பெண், ஆபீஸ் ஆபீசாக அலைய வேண்டியதுதான்.

இதற்கும் வழி பிறந்தது. தொற்று உறுதியாகி 30 நாட்களுக்குள் இறந்தால், வீட்டில் இறந்தாலும் அது கொரோனா சாவுதான் என்று விதி வந்தது. தகராறு என்றால் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம்.

நாடு முழுக்க இதே கதை

தமிழ்நாட்டின் அதிகாரப்பூர்வ கணக்கு 38 ஆயிரம் சாவுகளைத் தாண்டி நின்றது. இந்தியாவில் 2020, 2021 இரண்டு ஆண்டுகளுக்கு அரசு சொன்னது சுமார் 4.8 லட்சம். உலக சுகாதார நிறுவனமோ 2022 மே மாதம், சுமார் 47 லட்சம் கூடுதல் சாவு என்றது. மத்திய அரசு அந்த முறையை ஏற்கவில்லை.

2025 மே மாதம் மத்திய அரசின் சொந்தப் பதிவேடே வெளிவந்தது. எல்லாக் காரணங்களும் சேர்த்து, 2020-ல் பதிவான சாவு சுமார் 81 லட்சம். 2021-ல் 1 கோடியே 2 லட்சம். ஒரே ஆண்டில் 21 லட்சம் அதிகம்! இத்தனையும் கொரோனா என்று சொல்ல முடியாது. ஆனாலும் 4.8 லட்சம் என்ற கணக்கு இதன் பக்கத்தில் நிற்க முடியாமல் தள்ளாடுகிறது.

சென்னையில் அந்த 444 பேரும் கணக்குக்குள் வந்தது, மாநகராட்சி நோட்டில் அவர்கள் பெயர் எழுதப்பட்டிருந்ததால்தான். அந்த நோட்டை எழுதியவர்கள் சாதாரண சுகாதார ஊழியர்கள். அடுத்த நோய் வரும்போது இரண்டு நோட்டையும் வாரம் ஒரு முறை ஒத்துப் பார்த்தாலே போதும். இந்தச் சண்டை மூன்றாம் தடவை வராது.

அதுவரை வாசகர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டில் சாவு நேர்ந்தால், துக்கத்தோடு துக்கமாக 21 நாட்களுக்குள் பதிந்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் இருந்து கிளம்புவதற்கு முன், சாவுக்கு என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று டாக்டரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.