உப்பளத்து மழையும் மனத்துயரும்

2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரை கடந்த பொழுது, மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. பாத்திகளுக்கு நேர்ந்த நஷ்டத்தைச் சர்க்கார் கணக்கிடலாம். தொழிலாளியின் மனம் உடைந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

கோடையில் உப்புநீரில் கால் புண்ணாக உழைக்கும் ஆணும் பெண்ணும் மழை பிறந்ததும் வேலையின்றி நிற்கின்றனர். கடன் ஒன்றே வளர்கிறது. சீதோஷ்ணத்துக்கும் மனத்துக்கும் சம்பந்தமென்ன என்று சிலர் கேட்கலாம். நமது தேசத்துக் கணக்குகளைப் பரிசீலித்த டாம்மா கார்ல்டன் என்னும் ஆராய்ச்சியாளர், பயிர்க்காலத்தில் வெப்பம் ஏறினால் தற்கொலைகள் மிகுகின்றன என்றும், ஏனைய காலத்தில் அவ்வாறு காணவில்லை என்றும் 2017-இல் வெளியிட்டார். காரணங்கள் பலவாயினும், ஜீவனம் கெடும் வழியாகவும் வானிலை உயிரைத் தாக்குகிறது என்பது இதனால் விளங்கும். இந்தோனேஷியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு ரொக்க உதவி அளித்ததால் தற்கொலைகள் சுமார் 18 சதவிகிதம் குறைந்தன என 2019-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது.

ஆகவே, உப்பளத் தொழிலாளருக்குத் தமிழ்நாட்டுச் சர்க்கார் ஏற்படுத்திய 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் வெறும் தர்மமன்று, உயிர்காக்கும் மருந்தாகும். நோய் முற்றிய பின் வரும் மருந்தால் பயனென்ன? மழைக்கு முன்னரே அது வீடு சேர வேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம்.

ஊழியர்களுக்கும் ஒரு கடமையுண்டு. சோர்ந்தவனைக் கோழையென்று இகழாது, அருகிலமர்ந்து கேளுங்கள். 14416 என்னும் சர்க்காரின் இலவச மனநலத் தொலைபேசியை அறிவியுங்கள். 1930-இல் உப்புக்காகச் சிறை புகுந்த தேசம், உப்பு விளைப்போரை மழையில் கைவிடலாகாது.