புலமைத் துறைகளும் அவற்றின் உரைகற்களும்

புலமை என்றதும் செய்யுளியற்றும் ஆற்றலையோ இலக்கண நூற்பயிற்சியையோ கருதுவது நம்மிடை நெடுநாள் வழக்கு. அவ்வழக்கிற்குக் காரணமும் உண்டு. தமிழிற் கல்வி என்பது பல நூற்றாண்டுகளாக அவ்விரண்டையுமே நடுவாகக் கொண்டு நின்றது. ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டு ஏறக்குறைய நூறாண்டுக் காலம் ஈழத்துத் தமிழர் மத்தியில் நிகழ்ந்த அறிவு முயற்சிகளை ஒருங்கு நோக்குவார்க்கு அவ்வரையறை போதாதென்பது எளிதிற் புலனாகும். உடற்கூற்று நூல், கணித நூல், ஏட்டுச் சுவடிப் பதிப்பு, வரலாற்று விமர்சனம், இசைக்கருவி ஆராய்ச்சி, கலைக்களஞ்சியம் ஆகிய யாவும் அக்காலத்தில் இவர்தம் முயற்சியால் தமிழில் எழுந்தன. இவற்றுள் ஒன்றன் சிறப்பை மற்றொன்றன் அளவுகோலால் அளத்தல் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப் புகுவது.

மருத்துவத்தை முதற்கண் எடுத்துக்கொள்வோம். அமெரிக்க மிசன் வைத்தியராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மானிப்பாயில் வைத்தியசாலை நடாத்தி, மாணாக்கருக்கு மேனாட்டு மருத்துவத்தைப் பயிற்றினார். முதலில் ஆங்கிலத்திற் பயிற்றிய அவர், 1860களில் தமிழுக்கு மாறினார். அதற்கு வேண்டும் பாடநூல்கள் தமிழில் இல்லை. ஆகவே, மாணாக்கர் மொழிபெயர்க்கத் தாம் ஒப்புநோக்கித் திருத்தி அந்நூல்களை ஆக்குவித்தார். இரணவைத்தியம் 1867ஆம் ஆண்டிலும், கிறே என்பாரின் பெயர்பெற்ற உடற்கூற்று நூலைத் தழுவிய மனுஷ அங்காதிபாதம் 1872ஆம் ஆண்டிலும், கெமிஸ்தம் 1875ஆம் ஆண்டிலும் வெளிவந்தன.

கலைச்சொல்லாக்கத்தில் அவர் கடைப்பிடித்த முறை கருதத்தக்கது. ஒரு பொருளுக்குத் தமிழிற் சொல் வழங்குகின்றதா என்று முதலில் தேடுவது. இல்லையேல் வடமொழியை நாடுவது. அங்கும் கிடையாதவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைய எழுதிக்கொள்வது. அங்காதிபாதம் என்னும் பெயர் இரண்டாம் வழியால் வந்தது. கெமிஸ்தம் என்பது மூன்றாம் வழியால் வந்தது. இந்நூல்களின் நடையைக் கரடுமுரடானதென்று இகழ்ந்துரைப்போர் உளர். அவர் கூற்று முற்றும் பொய்யன்று. எனினும், அங்கத்தை அறுக்கக் கையிற் கத்தியெடுத்து நிற்கும் மாணவனுக்கு வேண்டுவது எது? ஒரு சொல் ஒரே உறுப்பைக் குறித்தலும், அந்நூல் முழுவதிலும் அது மாறாது நிற்றலுமேயாம். ஓசையின்பம் கருதி ஓருறுப்புக்கு மூன்று பெயர் வழங்கும் மருத்துவ நூல் உயிருக்கு உலைவைக்கும். காவியத்திற் குணமாவது அங்கே குற்றமாகின்றது.

இனி, சுவடிப் பதிப்பைக் காண்போம். சிறுப்பிட்டியிற் பிறந்து வட்டுக்கோட்டைச் செமினறியிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் அவருடன் கறோல் விசுவநாதபிள்ளையும் 1857ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். பின்னவர் கணித நூல் செய்தார். முன்னவர் பழந்தமிழ் ஏடுகளைத் தேடினார். இருவர்க்கும் கல்விக்கூடம் ஒன்றே என்பதை மறத்தலாகாது. தாமோதரம்பிள்ளை 1881ஆம் ஆண்டில் வீரசோழியத்தையும், 1885ஆம் ஆண்டிற் றொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடும், 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையையும் அச்சிற் பதிப்பித்தார். எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதல் அச்சேறியது அக்கலித்தொகையே.

சுவடிப் பதிப்பு என்றால் ஏட்டைப் பார்த்துப் பெயர்த்தெழுதுவது என்று எண்ணுவாரும் உளர். பழைய ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் எழுத்திற் காட்டப்படுவதில்லை. ஆகவே, 'கொல' என்று ஏட்டிற் கண்டால் அது கொல, கொல், கோல, கோல் என்னும் நான்கனுள் எதுவாகவும் இருத்தல் கூடும். காலுக்கும் ரகரத்துக்கும் வேற்றுமை தெரியாமை இவற்றின் மேலும் ஒரு சிக்கல். செய்யுளும் உரையும் இடைவெளியின்றித் தொடர்ந்து ஓடும். எங்கே மூலம் முடிகின்றது, எங்கே உரை தொடங்குகின்றது என்பதைப் படிப்போனே உய்த்துணர்தல் வேண்டும். போதாக்குறைக்குச் செல்லரித்த துளைகளும், தொட்டவுடன் ஒடியும் ஓரங்களும். இந்நிலையிற் பதிப்பாசிரியனுக்குக் கைகொடுப்பன யாவை? கலிப்பாவின் தளையும் சீரும் ஒரு வழி காட்டும். உரையாசிரியர் பொருள் கூறும் முறை ஒரு வழி காட்டும். வேற்றூரிற் கிடைத்த ஏடு மற்றொரு வழி காட்டும். மூன்றும் ஒத்தவிடத்துத் துணிவு பிறக்கின்றது. ஒவ்வாதவிடத்துப் பாடபேதத்தை மறையாது காட்டுதலே நேர்மை. தான் விரும்பிய பாடத்தை ஏட்டிலுள்ளதுபோற் புகுத்துவோன் எத்துணை இலக்கணம் வல்லோனாயினும் பதிப்பாசிரியனாகான். கவிபாடும் வன்மை இங்கே துணையாவதுபோலவே இடையூறாகவும் அமையும். விடுபட்ட அடியைத் தானே நிரப்பிவிடும் ஆசையை அது தூண்டுமன்றோ?

வரலாற்றுத் துறையின் உரைகல் சான்று. ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையை நெடுங்காலம் நம்மவர் அப்படியே ஏற்று வந்தனர். சுவாமி ஞானப்பிரகாசர் 1928ஆம் ஆண்டில் யாழ்ப்பாண வைபவ விமர்சனம் எழுதியபோது, புலவர் கூற்றைப் போர்த்துக்கேயர் எழுதிவைத்த வரலாறுகளோடும் பிற சான்றுகளோடும் ஒப்புநோக்கிக் கொள்ளுவன கொண்டு தள்ளுவன தள்ளினார். முதலியார் செ. இராசநாயகமும் அவரும் யாழ்ப்பாணத்து அரசர் வரலாற்றில் முரண்பட்ட இடங்கள் பல. அம்முரண்பாட்டாற் பயன் விளைந்தது. ஒருவர் காட்டிய சான்றை மற்றவர் சோதிக்கலாயினர்.

தொகுப்பு நூல்களை இவ்விடத்துச் சுருக்கமாகக் குறித்தலே போதும். சைமன் காசிச்செட்டி 1859ஆம் ஆண்டிற் றமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார், ஆணல்ட் சதாசிவம்பிள்ளை 1886ஆம் ஆண்டிற் பாவலர் சரித்திர தீபகத்தைத் தந்தார், ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதானகோசம் 1902ஆம் ஆண்டில் வெளிவந்தது. இவற்றை முதலிலிருந்து இறுதிவரை படிப்பார் இலர். வேண்டியபோது எடுத்துப் பார்க்க வேண்டியது கிடைப்பின், அதுவே அவற்றிற்குப் புகழ்.

துறைகள் ஒன்றோடொன்று கலந்த இடத்தைக் காண விரும்புவோர் விபுலாநந்த அடிகளின் யாழ் நூலைப் பார்த்தல் வேண்டும். காரைதீவிற் பிறந்த அடிகள் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியும் ஆவர். இவ்விரு கல்வியுள் ஒன்று குறைந்திருப்பினும் அந்நூல் பிறந்திராது. சிலப்பதிகார அரங்கேற்று காதையும் அதன் பழையவுரைகளும் பண்டை இசைமரபைச் சொல்லளவிற் கூறிச் செல்கின்றன. பேரியாழுக்கு நரம்பு 21, செங்கோட்டியாழுக்கு 7 என உரை எண்ணித் தருகின்றது. அந்நரம்புகள் எவ்வாறு ஒலித்தன என்பதைக் கணக்கே சொல்லவேண்டும்.

அக்கணக்கின் தன்மையை இளி என்னும் ஒரு சுரத்தாலே விளக்கலாம். ஒரு நரம்பைக் குரலாக வைத்து, அதன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் ஒலிக்கச் செய்யின் இளி பிறக்கும். அரைப் பங்கை ஒலிக்கச் செய்யின் குரலே மேற்றானத்திற் கேட்கும். முன்னது ஒன்றரை மடங்கு அதிர்வு. பின்னது இரு மடங்கு. இளிக்கு இளியாகப் பன்னிரு படி ஏறினால் மீண்டும் குரலை அடையவேண்டும் என்று செவி எதிர்பார்க்கின்றது. கணக்கிட்டுப் பார்த்தாலோ, பன்னிரு படியில் அதிர்வு ஏறத்தாழ 129.75 மடங்காகின்றது, ஏழுமுறை இரட்டித்தால் 128 மடங்கே. சிறிதாகிய இவ்வெச்சமே உலகத்து இசைநூலார் யாவரையும் அலைக்கழித்தது. அலகு, மாத்திரை என்று உரைகாரர் கூறுவனவற்றை இத்தகைய கணிதத்தின் முன் நிறுத்திப் பொருள் காண்பது அடிகள் மேற்கொண்ட முறை. அந்நூல் 1947ஆம் ஆண்டு ஆனி மாதத்திற் றிருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார்.

யாழ் நூலின் முடிபுகள் யாவற்றையும் இசையறிஞர் ஒருமனதாக ஏற்றனர் என்று சொல்வதற்கில்லை. ஆயின், மறுக்க விரும்புவோரும் எண்களைக் கொண்டே மறுக்கவேண்டிய நிலையை அது உண்டாக்கியது. அறிஞன் ஒருவன் தன் துறைக்குச் செய்யத்தக்க உதவி இதனினும் பெரிதொன்றை யான் அறியேன்.

இத்துறைகள் யாவும் ஒருபடித்தாய் வளர்ந்தில. தாமோதரம்பிள்ளை தொடங்கிய பணியை உ. வே. சாமிநாதையரும் பின்வந்தோரும் மேற்கொண்டு சென்றனர். ஒருவர் பதிப்பிற் கண்ட பிழையை அடுத்தவர் திருத்தினர். கிறீன் தொடங்கிய பணிக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1870ஆம் ஆண்டிற் கொழும்பில் நிறுவப்பட்ட மருத்துவப் பள்ளி ஆங்கிலத்திற் பயிற்றியது. சான்றிதழும் பதவியும் அதன் வழியே வந்தன. கிறீன் 1873ஆம் ஆண்டில் தாயகம் திரும்பினார். அவர்தம் நூல்கள் மறுப்பதிப்பின்றி நூலகத் தட்டுக்களிற் றங்கின. அவற்றின் நடை திருந்தாமைக்குக் காரணம் தமிழின் குறைபாடென்பார் கூற்றை இங்கே நினைந்து பார்க்கலாம். இரண்டாம் முறை எழுதப்பெறாத எந்த நூலின் நடைதான் திருந்தும்?

1950களின் பின் இலங்கைப் பாடசாலைகளில் விஞ்ஞானம் தமிழிற் கற்பிக்கப்படலாயிற்று. அரசாங்கத்தின் சொற்றொகுதிகள் ஐதரசன், ஒட்சிசன், காபன் என்று வகுத்து வழங்கின; இன்றும் நம் மாணவர் அச்சொற்களாற் கற்கின்றனர். கிறீன் வகுத்த மூன்று வழியையே அச்சொற்றொகுதிகளிலும் காணலாம். தொகுத்தோர் அவரை அறிந்து பின்பற்றினரோ, தாமே கண்டனரோ, வழி ஒன்றாக அமைந்தது. மருத்துவக் கல்வி மட்டும் இதற்குப் புறம்பாய் நின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978ஆம் ஆண்டில் தொடங்கிய மருத்துவ பீடம் ஆங்கிலத்திலேயே பயிற்றுகின்றது. மானிப்பாய்க்கும் அதற்கும் இடைத்தூரம் சில மைல்களே. அங்குக் கற்கும் மாணவர் ஆங்கிலத்திற் படித்த நோயை வைத்தியசாலைக் கட்டிலருகே தமிழிற் கேட்டு, தமிழிலே விடை சொல்கின்றனர். அதற்கு வேண்டும் சொற்களை ஒவ்வொருவரும் தாமாகவே தேடிக்கொள்கின்றனர். அத்தேட்டம் மானிப்பாயில் ஒருமுறை நடந்து, அச்சிலும் ஏறியிருக்கின்றது.