குவார்ட்டர்ஸ் வாசமும் ஓய்வுக்கால வீடும்

பெரம்பூரிலும் திருச்சி பொன்மலையிலும் ரயில்வே குடியிருப்புகளில் வாழும் ஊழியர்களுக்கு வாடகைக் கவலையே இல்லை என்று வெளியிலிருப்போர் எண்ணுவது வழக்கமெனினும், குவார்ட்டர்ஸ் ஒதுக்கப்பட்ட நாள் முதல் அவர்களுக்கு எச்.ஆர்.ஏ. எனப்படும் வீட்டு வாடகைப்படி நின்றுவிடுவதோடு, உரிமக் கட்டணம் என்ற சிறு தொகையும் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. அகவிலைப்படி 50 விழுக்காட்டை எட்டிய 2024 ஜனவரி முதல் இந்த வாடகைப்படி அடிப்படைச் சம்பளத்தில் சென்னைக்கு 30 விழுக்காடாகவும் திருச்சிக்கு 20 விழுக்காடாகவும் உயர்ந்ததால், 50,000 ரூபாய் அடிப்படைச் சம்பளக்காரர் ஒருவர் குவார்ட்டர்ஸுக்காகச் சென்னையில் மாதம் 15,000 ரூபாயையும் திருச்சியில் 10,000 ரூபாயையும் இழக்கிறார் எனலாம்.

கைக்கே வராத தொகை என்பதால் இந்த இழப்பு உறுத்துவதில்லை. வெளியில் குடியிருப்பவரை வீட்டுக்காரர் வாடகையை ஏற்றும் ஒவ்வொரு முறையும் சொந்த வீட்டைப் பற்றி நினைக்க வைத்துவிடுகிறார். குவார்ட்டர்ஸ்வாசிக்கோ அந்த நெருக்கடி 60 வயது வரை நேர்வதே இல்லையாதலால், வெளிவாடகைக்கும் வாடகைப்படிக்கும் இடையே மிஞ்சும் பணம் பிள்ளைகளின் படிப்பிலும் கல்யாணத்திலும் கரைந்துபோகிறது.

பலரும் கணக்கில் கொள்ளாத சிக்கல் ஓய்வு பெறும் கட்டத்தில்தான் எழுகிறது. பணிக்கொடை, அதாவது ஓய்வின்போது மொத்தமாகக் கிடைக்கும் கிராஜுவிட்டித் தொகை, வந்தபின் வீடு வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருப்போர் உண்டு. ஆனால் ரயில்வே ஓய்வூதிய விதிகளின்படி குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஒப்படைக்கும் வரை அத்தொகை முழுவதும் நிறுத்திவைக்கப்படுகிறது. ஓய்வுக்குப் பின் வழக்கமான கட்டணத்தில் 4 மாதமும், மருத்துவம் அல்லது பிள்ளைகளின் கல்வியைக் காரணம் காட்டிக் கூடுதல் கட்டணத்தில் மேலும் 4 மாதமும் அங்கேயே தங்க அனுமதி உண்டெனினும், அதைக் கடந்தால் பன்மடங்கான அபராத வாடகை விழும். வீடு வாங்க நம்பியிருக்கும் பணம் வீட்டை விட்டு வெளியேறிய பிறகே கிடைக்கும் என்பதால், பிற சேமிப்புகளைத் தொடாமல், வாடகை வீட்டுக்கான முன்பணமும் ஓராண்டு வாடகையும் தனியே ஒதுக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

பணிக்காலத்திலேயே பெறத்தக்க வீடுகட்டும் முன்பணம் போதிய கவனம் பெறாத ஒரு வசதி. 2017-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி 34 மாத அடிப்படைச் சம்பளம் அல்லது 25 லட்சம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே இதன் பொதுவான உச்சவரம்பு. முதலில் அசலை அதிகபட்சம் 180 தவணைகளிலும் பின்னர் வட்டியை 60 தவணைகளிலும் திருப்பிச் செலுத்தலாம், வட்டிக்கு வட்டியும் கிடையாது. ஆயினும் இந்த 20 ஆண்டுத் தவணையின் பயன் முழுமையாகக் கிட்ட, 40 வயதுக்குள் முடிவெடுத்தாக வேண்டும்.

அதற்காக, ஆண்டுக்கொரு முறை பொங்கலுக்குப் போய்வரும் சொந்த ஊரில் அவசரமாகக் கட்டிப் பூட்டிவைப்பது, சொந்த ஊர்ப் பாசம் எவ்வளவு இருந்தாலும், சிக்கனமாகாது. பூட்டிய வீட்டுக்கும் வரியும் பராமரிப்பும் உண்டு, கரையானும் உண்டு. ஓய்வு பெற்றோருக்கான ரயில்வே மருத்துவத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குப் பெரம்பூர், பொன்மலை மருத்துவமனைகளில் சிகிச்சை தொடர்வதால், காலனியைச் சுற்றியே மனை தேடுவோர் பலர். முழங்கால் வலியும் சர்க்கரையும் தொடங்கும் வயதில் மருத்துவமனைக்கு ஒரே பேருந்தில் போய்வரக்கூடிய தொலைவு, மனையின் விலைக்கு நிகராகக் கருதத்தக்கது.