குதிக்கால் நோவும் கமக்காரரும்

காலபோக வேலை தொடங்கிச் சில கிழமைகளுக்குள், காலையிற் பாயை விட்டெழுந்து முதலடி வைக்கும்போது குதிக்காலில் ஆணி தைத்தாற்போல நோகின்றதெனக் கூறும் கமக்காரர் பலர். சிறிது தூரம் நடந்ததும் நோவு தணிந்துவிடுவதால் அதனைப் பொருட்படுத்தாது வயலுக்குச் செல்வர். இவ்வாறு மாதக்கணக்காக விடப்பட்ட நோவு, வேலை மிகுந்த நாட்களில் ஆளை வீட்டில் இருத்திவிடுகின்றது. பயிர்நோய்களைப் பற்றியே எழுதப்படும் பிரசுரத்திற் காலைப் பற்றி எழுதுவதற்கு இதுவே காரணம்.

குதியென்பிலிருந்து விரல்களின் அடிவரை, தடித்த நார்ப்பட்டையொன்று வில்லின் நாண்போல உள்ளங்காலிற் செல்கின்றது. நெடுநேரம் நிற்றல், இறுகிய வரம்பிலும் சீமெந்துக் களத்திலும் வெறுங்காலுடன் மூடை சுமத்தல், ஓய்ந்திருந்த கால்களுக்குத் திடீரெனக் கடும் வேலை கொடுத்தல், உடற்பருமன், கெண்டைத்தசை இறுகியிருத்தல் ஆகியவற்றால் அப்பட்டை குதியென்பிற் பொருந்துமிடத்தில் நைந்து நோகின்றது. இராப்பொழுதில் இறுகியிருந்த பட்டை முதலடியில் நீட்டப்படுவதாலேயே காலை நோவு கடுமையாகின்றது. எக்ஸ்-கதிர்ப் படத்திற் குதியென்பு முள்போல வளர்ந்திருத்தல் கண்டு அஞ்சுவோர் உளர். நோவேயில்லாத பலரிடமும் அவ்வளர்ச்சி உண்டு. பித்தவெடிப்பினால் உண்டாகும் நோவு வேறு. வெடிப்புள்ள காலுடன் சேற்றில் இறங்குவோர் எலிக்காய்ச்சலுக்கும் அஞ்சவேண்டும்.

சிகிச்சைகளுள் முதன்மையானது பணச் செலவற்றது. எழுந்து நிற்குமுன், நோகும் காலை மற்றத் தொடைமேல் வைத்து, விரல்களைக் கையாற் பற்றி, உள்ளங்கால் இறுகும்வரை கணைக்காலை நோக்கி வளைத்து 10 விநாடி பிடிக்கவேண்டும். இதனை 10 முறை செய்க. நாளுக்கு 3 வேளை செய்க. பின்னர்ச் சுவரிற் கைகளை ஊன்றி, நோகும் காலைப் பின்னே வைத்து, முழங்கால் மடியாமலும் குதி நிலத்தை விட்டு எழாமலும் முன்சாய்ந்து, கெண்டைத்தசையை 30 விநாடி நீட்டுதல் நன்று. இரண்டு நாட் செய்து பயனில்லையெனக் கைவிடுதல் கூடாது. பெரும்பாலோர்க்கு இந்நோவு ஓராண்டுக்குள் மாறுமெனினும், அது மெல்லவே மாறும்.

தேய்ந்து தட்டையான இறப்பர்ச் செருப்பாற் பயனில்லை. குதிப்பக்கம் சற்று உயர்ந்து மெத்தென்றிருக்கும் செருப்பையே அணிதல் வேண்டும். சேற்றில் அணிய முடியாதெனினும் முற்றத்திலும் களத்திலும் வீதியிலும் அணியலாமன்றோ? மூடைகளைத் தோளிற் சுமவாது தள்ளுவண்டியில் ஏற்றுதல் காலுக்கும் முதுகுக்கும் நன்று.

சூடாக்கிய செங்கல்லின்மேல் எருக்கிலையை வைத்துக் குதியால் மிதித்தல் நம்மூர் வழக்கம். இளஞ்சூடு இதந்தரும், ஆனால் சலரோகமுடையோர் இதனை அறவே விலக்கவேண்டும். உணர்ச்சி குன்றிய காலில் சூடு தெரியாது. வெந்த புண் எளிதில் ஆறாது.

கடையில் வாங்கும் நோமாத்திரைகளிலும் எச்சரிக்கை தேவை. வவுனியா, அநுராதபுரம் முதலிய மாவட்டங்களிற் கமக்காரரிடையே சிறுநீரக நோய் மிகுந்திருத்தலை யாவரும் அறிவர். இபுப்புரோபன், டைகுளோபினாக் போன்றவை பழுதுற்ற சிறுநீரகத்தை மேலும் கெடுப்பன. வெயிலில் உடல்நீர் வற்ற வேலை செய்பவர் வைத்தியரைக் கேளாது அவற்றை நாள்தோறும் விழுங்குதல் ஆபத்தானது.

குதி வீங்கினாலும், மரத்தாலும், காய்ச்சலுடனோ இரவிற் படுத்திருக்கும்போதோ நோவு மிகுந்தாலும், விழுந்தபின் கால் ஊன்ற முடியாவிடினும் தாமதியாது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்க. சலரோகமுடையோர் காலிற் சிறு புண் கண்டாலும் அன்றே செல்லல் வேண்டும்.